எந்தக் கோழியைக் கழிப்பது?

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ரேஷன் கார்டு மலையாளத்தில், சந்தை பொள்ளாச்சியில். 2022 ஆகஸ்டில் 50 நாள் வயதில் பிவி 380 என்கிற முட்டைக்கோழி ரகத்தில் 12 வாங்கி விட்டோம். ஒன்றைக் கீரி கொண்டுபோய்விட்டது. மிச்சம் 11-ம் கார்த்திகையில் முட்டையிட ஆரம்பித்து, அடுத்த வருஷம் பெரும்பாலும் தினம் ஒன்பது, பத்து என்று கொடுத்தன. அக்கம்பக்கத்தில் எட்டு ரூபாய்க்கு வாங்கிப் போவார்கள். எனக்கு அது சொந்தக் காசு.

2024 ஏப்ரலில் அது நாலாகக் குறைந்தது.

வீட்டுக்காரர் நோட்டை எடுத்தார். ஒரு கோழி நாளுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்னும். கிலோ 35 ரூபாய்க்கு வாங்கினால் மாதம் 115 ரூபாய். அதாவது ஒரு கோழி மாதம் 15 முட்டையாவது போட்டால்தான் தீனிக்குக் கட்டும். "22 மாசம் ஆச்சு. பண்ணைக்காரன் இந்நேரம் லாரி ஏத்தியிருப்பான்," என்றார். கணக்கில் தப்பில்லை. ஆனால் அது பதினொன்றுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. எது தின்கிறது, எது போடுகிறது என்று அந்த நோட்டில் இல்லை.

அடையாளத்துக்காக ஒவ்வொன்றின் காலிலும் ஒரு நிறத்தில் கம்பளி நூல் கட்டியிருந்தேன். நீல நூல்காரி ரெண்டு வாரமாக முட்டைப்பெட்டிப் பக்கமே வரவில்லை. கொண்டையும் கொஞ்சம் வெளுத்திருந்தது. சரி, முதலில் இதுதான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தோம். அறுத்துச் சுத்தம் செய்ய நான்தான் உட்கார்ந்தேன். வயிற்றைத் திறந்தால் உள்ளே மஞ்சள் கரு கொத்தாக இருக்கிறது. எலுமிச்சம்பழம் மாதிரி ஒன்று, அதைவிடச் சின்னதாக ஒன்று, அப்புறம் கோலிக்குண்டு, மிளகு, கடுகு என்று வரிசையாக. முட்டைக்குழாயில் ஓடு கட்டின முட்டை ஒன்று தயாராக வேறு. மறுநாள் காலையில் இட்டிருக்கும்.

மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "விரல் விட்டுப் பாத்தியா அம்மிணி?" என்று மட்டும் கேட்டார்கள். நான் பார்க்கவில்லை. நாலு நாள் கழித்துத் தென்னை மட்டைக் குவியலைப் பிரித்தபோது அடியில் ஒன்பது முட்டை கிடந்தது. பெட்டியில் இடம் பிடிக்கவில்லை போலிருக்கிறது, தனியாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அந்தக் குழம்பு எனக்கு இறங்கவே இல்லை.

இருந்தும் மற்றதை மொத்தமாக விற்றுவிடலாம் என்ற பேச்சு நிற்கவில்லை. பொள்ளாச்சி வியாபாரி ஒருவரிடம் விலையும் பேசியாயிற்று. அதற்குள் ஆலப்புழைப் பக்கம் பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்தது. தமிழ்நாட்டு எல்லைச் சாவடியில் வண்டிகளுக்கு மருந்து அடித்து, கேரளத்திலிருந்து போகிற கோழி, வாத்து, முட்டை எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார்கள். ஆலப்புழை எங்கே, நாங்கள் எங்கே! ஆனால் சாவடிக்குக் கேரளம் என்றால் மொத்தக் கேரளமும்தான். கோழிகள் கூண்டிலேயே தங்கின.

அந்தத் தடையால் எனக்கு நல்லதுதான் நடந்தது. அந்த ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிப் போனது. கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. அந்தச் சூட்டில் தீனி குறையும், அதோடு முட்டையும் குறையும். மூச்சு வாங்கி வாங்கி ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுவதால் ஓடும் மெலிசாகிவிடும். எங்களுக்கும் ஓடு கட்டாத தோல்முட்டை ரெண்டு மூன்று வந்தது. அதையெல்லாம் கிழடு தட்டின அறிகுறி என்று நினைத்தோம். கூண்டின் மேல் தென்னோலை போட்டு, மண்சட்டியில் தண்ணீரைப் பகலில் ரெண்டு தடவை மாற்றி, தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும் வைத்தேன். கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்தேன். ஜூனில் காற்றும் சாரலும் வந்ததும் பத்துக் கோழியில் ஐந்து, ஆறு முட்டை என்று ஏறியது. ஏப்ரலில் விற்றிருந்தால் வியாபாரிக்குத்தான் லாபம்.

ஆனாலும் நாலு போடவில்லையே, எந்த நாலு? இந்தத் தடவை மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். பொழுது சாய்ந்து கோழிகள் அடைந்த பிறகு டார்ச்சோடு போனால் ஒன்றும் பறக்காது, கத்தாது. கோழியின் தலை நம் கைக்கடியில் பின்பக்கம் பார்க்கிற மாதிரி இடுக்கிக்கொள்ள வேண்டும். முட்டை வருகிற துவாரத்துக்கு ரெண்டு பக்கமும் மெல்லிய இடுப்பெலும்பு முனைகள் தட்டுப்படும். அந்த முனைகளுக்கு நடுவில், வெளியிலேயே வைத்துப் பார்த்தால், ரெண்டு மூன்று விரல் தாராளமாக அடங்கினால் முட்டையில் இருக்கிறது. ஒரு விரலே இறுக்கமாகப் போனால் நின்றுவிட்டது. அங்கிருந்து நெஞ்செலும்பின் நுனி வரைக்கும் மூன்று நாலு விரல் இடமிருந்து, அடிவயிறு பிசைந்த மாவு மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். துவாரம் அகலமாக ஈரமாக இருந்தால் நல்லது. சின்னதாக, வட்டமாக, வறண்டு இருந்தால் சந்தேகம். வயிறு தண்ணீர்ப்பை மாதிரி வீங்கியிருந்தால் அது வேறு கதை, கால்நடை மருத்துவரிடம் காட்டணும். எங்களுடையதில் அப்படி எதுவும் இல்லை.

மாமியாருக்கு இதெல்லாம் புதிதில்லை. அவர்கள் காலத்தில் விடிகாலையில் விரல் விட்டுப் பார்த்து, இன்றைக்கு முட்டை இருக்கிற கோழியை மட்டும் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டு மற்றதைத் திறந்துவிடுவார்களாம். எலும்புக் கணக்கு நான் படித்துத் தெரிந்துகொண்டது, அவர்களுக்கு அது கையிலேயே இருந்தது.

நான் நம்பவே முடியாமல் போனது மஞ்சள் நூலும் சிவப்பு நூலும்தான். மஞ்சள் நூல்காரி பார்க்கவே பரிதாபம். வால் இறகு முறிந்து, முதுகு பாதி மொட்டை, அலகும் காலும் வெளிறிப் போயிருக்கும். மனசுக்குள் அடுத்தது இவள்தான் என்று வைத்திருந்தேன். தொட்டுப் பார்த்தால் மூன்று விரல் இடம்! காலிலும் அலகிலும் இருக்கிற மஞ்சள் நிறமி கருவுக்குப் போய்விடுவதால் நிறைய இடுகிற கோழி வெளுக்கும். முதலில் துவாரம், அப்புறம் கண்ணோரம், காது மடல், அலகு, கடைசியில் கால். முட்டை நின்றால் அதே வரிசையில் மஞ்சள் திரும்பி வரும். சிவப்பு நூல்காரியோ கல்யாணப் பெண் மாதிரி. இறகு பளபள, கால் மஞ்சள் பூசினாற்போல. இடுப்பில் ஒரு விரல்கூட நுழையவில்லை. எத்தனை மாசமாகச் சும்மா தின்றுகொண்டிருந்தாளோ.

சந்தேகமான மூன்றைத் தனிக்கூண்டில் போட்டு, நல்ல தீவனம் வைத்து 12 நாள் பார்த்தேன். நீலக்காரிக்குப் பிறகு விரலை மட்டும் நம்ப எனக்குத் துணிச்சல் இல்லை. நாலாவதாக நான் நினைத்த கோழி விரலுக்குத் தேறிவிட்டது, வாரம் நாலு முட்டையாவது போடும் என்று விட்டுவிட்டேன். கூண்டில் இருந்த மூன்றும் ஒரு முட்டைகூட இடவில்லை. அதில் ஒன்றுக்கு இறகு உதிர்ந்து கழுத்தில் முள்ளு முள்ளாகப் புது இறகு கிளம்பியது. இறகு மாற்றுகிற கோழி ரெண்டு மூன்று மாசம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி இடும். அதனால் அதற்கு மன்னிப்பு.

சிவப்பு நூல், பச்சை நூல் ரெண்டும் போயின. எங்கள் பக்கத்துக் கறிக்கடையில் முட்டை முடிந்த கோழிக்கு லகோன் என்று பேர், கறிக்கோழியில் பாதி விலைகூடச் சொல்லவில்லை. அதற்கு நாமே தின்னலாம். ஜூன் நடுவில் குடற்புழு மருந்து கொடுத்திருந்ததால், கறி தின்னக்கூடாது என்று டப்பாவில் போட்டிருந்த நாள் கழியும்வரை காத்திருந்தோம். முந்தின ராத்திரி தண்ணீர் மட்டும். உள்ளே பார்த்தேன், ரெண்டிலும் கடுகளவு கருக்கள்தான், சுருங்கிப்போய். கறி முற்றல், குக்கரில் ஏழு விசில் விட்டும் பல்லுக்கு வேலைதான். சாறு மட்டும் அபாரம். மிளகு தட்டிப் போட்டுக் குடித்தோம்.

இப்போது எட்டு நிற்கின்றன. இறகு மாற்றினவள் செப்டம்பரில் திரும்ப இட ஆரம்பித்தாள், முன்னைவிடப் பெரிய முட்டை. வீட்டுக்காரர் புது நோட்டு போட்டிருக்கிறார், இந்தத் தடவை நூல் நிறத்துக்கு ஒரு பக்கம். தென்னை மட்டைக் குவியலை நான் வாரம் ஒருமுறை பிரித்துப் பார்க்கிறேன்.