மரண அறிவித்தலில் ஒரு வரி

அம்மா காலமானபோது பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ‘காலஞ்சென்ற’ என்று தொடங்கி ‘தம்பதியரின் அன்பு மகளும்’ என்று முடிகிற வரியில் பேனா நின்றுவிட்டது. உரும்பிராயில் பிறந்த அம்மாவைப் பத்து மாதக் குழந்தையாக இருந்தபோதே பிள்ளையில்லாத பெரியம்மா கோப்பாய்க்குக் கொண்டுபோய் வளர்த்தார். பெற்றவரை அம்மா கடைசிவரை சின்னம்மாவைக் கூப்பிடுவதுபோல ‘குஞ்சம்மா’ என்றுதான் அழைத்தார். ‘வளர்ப்பு மகள்’ என்று போடலாமே என்று ஒரு மாமா சொல்ல, செத்த வீட்டு முற்றத்திலேயே வாக்குவாதம் மூண்டது. அம்மா ஒருநாளும் விரும்பாத சொல் அது. முடிவில் பெற்றவர்களின் பெயர் மட்டும் அச்சாயிற்று.

சில மாதங்களின் பின் ஹவாயின் கடைசி அரசி லிலியுவோகலானியைப் பற்றி வாசித்தபோது அந்த முற்றம்தான் ஞாபகத்துக்கு வந்தது. 1838 செப்டெம்பரில் ஹொனலூலுவில் பிறந்த அவரை, பிறந்த கையோடு மெல்லிய மரவுரியில் சுற்றி, பாக்கி, கோனியா என்ற இன்னொரு பிரபுத் தம்பதியரின் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பெற்றவர்களுக்கு வறுமையுமில்லை, பிள்ளையில் வெறுப்புமில்லை. பிரபுக் குடும்பங்கள் தமக்குள் பிள்ளைகளைக் கொடுத்தும் எடுத்தும் உறவை இறுக்கிக்கொண்ட அந்த வழக்கத்துக்கு ஹானாய் என்று பெயர். அச்சொல்லுக்கு ஊட்டுதல் என்றும் பொருளுண்டு. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்போமே, கோனியாவின் வீட்டில் அது எழுத்துக்கு எழுத்து நடந்திருக்கிறது: அவருடைய சொந்த மகள் பௌவாஹியை முதலாம் கமேஹமேஹாவின் மகள் கினாவு எடுத்து வளர்த்தார், 1839இல் கினாவு இறந்த பின்பே பௌவாஹி பெற்றோரிடம் திரும்பினார்.

பாக்கியின் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டதையும், பெற்றவர்களைக் காணும்போது மட்டும் அந்நியரிடம் நடந்துகொள்வதுபோல நடந்துகொண்டதையும் லிலியுவோகலானி பின்னாளில் தம் நினைவுகளில் எழுதினார். அதில் குறை சொல்லும் தொனியே இல்லை. அதேவேளை பெற்றவழி உரிமையும் அழிந்துவிடவில்லை. உடன்பிறந்த அண்ணன் கலாகௌவா 1874இல் அரசரானார். 1877இல் தங்கையைத் தம் வாரிசாக அறிவித்தார். 1891இல் லிலியுவோகலானி அரியணை ஏறினார்.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான நம்முடைய தேசவழமை இந்த விடயத்தில் வேறு வழியில் போகிறது. அங்கே சுவீகாரத்துக்குச் சாட்சிகள் வேண்டும், மஞ்சள் தண்ணீர் குடிக்க வேண்டும். சுவீகாரம் போன பிள்ளைக்குப் பெற்றவர்களின் முதுசத்தில், அதாவது பரம்பரைச் சொத்தில், உரிமையில்லை. அம்மாவுக்காக யாரும் மஞ்சள் தண்ணீர் குடிக்கவில்லை. ஒரு துணிப்பொட்டலத்தோடு மாட்டு வண்டியில் போனார், அவ்வளவுதான். ஆகவே உரும்பிராய்க் காணியில் ஒரு பங்கும் வந்தது, கோப்பாய் வீடும் சீதனமாக எழுதப்பட்டது. ஹவாய்க்காரர் கேட்டால் இதைத்தான் ஹானாய் என்பார்கள் என்று நினைக்கிறேன்.

லிலியுவோகலானிக்கு உண்மையான பிரிவு வந்தது நான்காவது வயதில். அமெரிக்க மிசன் தம்பதியரான குக் குடும்பத்தினர் பிரபுக்களின் பிள்ளைகளுக்காக நடத்திய விடுதிப் பாடசாலைக்குப் பணியாளர் ஒருவரின் தோளில் அவர் அனுப்பப்பட்டார். இரவில் பாணி தடவிய பாண் துண்டு மட்டுமே கிடைத்துப் பசியோடு படுத்ததை அவர் மறக்கவேயில்லை. குக் தம்பதியரை அனுப்பிய அதே மிசன் சபைதான் அதற்கு முன்பே, 1816இல், யாழ்ப்பாணத்துக்கும் ஆட்களை அனுப்பி, 1824இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது. நமது விடுதிப் பிள்ளைகள் பலருக்கு அமெரிக்கக் கொடையாளிகளின் பெயர்கள் சூட்டப்பட்டன. லிலியுவோகலானிக்கோ திருமுழுக்கில் லிடியா என்ற பெயர். எடுத்து வளர்த்த வீடு அவரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. இரண்டு வீட்டையும் தூரமாக்கியது விடுதிதான்.

சென்ற மாதம் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலியை நானே எழுதிக்கொண்டுபோனேன். விளம்பரப் பிரிவில் இருந்த பையன் வாசித்துவிட்டு, “அக்கா, ‘தம்பதியரின் அன்பு மகளும்’ எண்டு ரெண்டு தரம் வந்திருக்கு, ஒண்டை வெட்டட்டோ?” என்று கேட்டான். வெட்ட வேண்டாம், இரண்டும் இருக்கட்டும் என்றேன். அவன் சொற்களை மறுபடி எண்ணி, காசைக் கூட்டிச் சொன்னான்.