என் மகன் விரல் நீட்டிக் காட்டக் கற்றுக்கொண்டது

மகனுக்கு இரண்டே கால் வயது இருக்கும்போது ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் என்ற கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார்கள். 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கானது, 20 கேள்விகள். வேண்டியதைக் கேட்க விரலால் சுட்டுகிறானா என்று ஒரு கேள்வி, பார்க்க நன்றாக இருக்கும் ஒன்றை உங்களுக்குக் காட்டவே சுட்டுகிறானா என்று அடுத்த கேள்வி. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் இரண்டுமே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் பாட்டில் மேல் வைப்பான், முகத்தை ஏறிட்டும் பார்க்கமாட்டான்.

ஆட்டிசம் என்று உறுதியான பிறகு ஸ்பீச் தெரபிஸ்ட்தான் புரியவைத்தார். ஒரு பொருளை நானும் அவனும் சேர்ந்து பார்க்கிறோம், சேர்ந்து பார்க்கிறோம் என்பது இருவருக்கும் தெரிகிறது, இதற்குக் கூட்டுக் கவனம் என்று பெயர். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதை ஒட்டித் தானாக வந்துவிடும். நான் "பந்து" என்று சொல்லும்போது என் கண் எங்கே இருக்கிறது என்று குழந்தை கவனித்தால்தான் அந்தச் சொல் அந்தப் பொருளோடு போய் ஒட்டும். பேச்சு வரவில்லையே என்று தவித்துக்கொண்டிருந்த எனக்கு, அதற்கு முந்தைய படி ஒன்று இருக்கிறது என்பதே அன்றுதான் தெரியும்.

அதுவரை நான் செய்துவந்தது, அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி "அம்மாவைப் பாரு" என்று சொல்வது. அவன் கண்ணை இறுக மூடிக்கொள்வான். அதை உடனே நிறுத்தச் சொன்னார். இன்றைக்கும் அந்த மூடிய கண்கள் ஞாபகம் வந்தால் மனசு வலிக்கிறது.

அதற்குப் பதிலாகத் தரையில், அவனுக்கு எதிரே, என் முகம் அவன் கண்மட்டத்துக்கு வருகிற மாதிரி உட்கார வேண்டும். டிவி அணைத்திருக்க வேண்டும், பொம்மைகள் இரண்டு மூன்று போதும். அவன் காரைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் நானும் இன்னொரு காரைக் கவிழ்த்துச் சுற்ற வேண்டும், "இது என்ன கலர்?" என்று கேள்வி கேட்கக் கூடாது. பத்து நாள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அப்புறம் ஒருநாள் நான் சுற்றுவதை நிறுத்தியதும் என் சக்கரத்தைப் பார்த்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான், மறுபடியும் சக்கரம். ஒரு நொடிதான் இருக்கும். உடனே சுற்றிவிட்டேன்.

அடுத்தது காத்திருப்பது. சோப்புக் குமிழி ஊதிவிட்டு மூடியை இறுக்கி மூடி அவன் முன்னால் வைத்துவிடுவேன், அவனாகக் கேட்கட்டும் என்று மனசுக்குள் பத்து வரை எண்ணுவேன். இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம், கை தானாகத் திறக்கப் போகும். ஆனால் குமிழியில் வருவது கேட்கிற சுட்டல், அது கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது. காட்டுகிற சுட்டல்தான் வரவில்லை.

அதற்கு டார்ச் வெளிச்சத்தைச் சுவரில் ஓடவிட்டு, "அட!" என்று சொல்லி முதலில் வெளிச்சத்தைத் தொட்டே காட்டினேன், பிறகு தள்ளி நின்று விரலை மட்டும் நீட்டினேன், கடைசியில் தலையை மட்டும் திருப்பினேன். அவன் எதையாவது தூக்கிக் காட்டினால் "வெரி குட்" சொல்ல வேண்டாம், காட்டிய பொருளைப் பற்றிப் பேசுங்கள் என்றார் தெரபிஸ்ட். எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் இதுதான் மிக நல்லது என்பேன், காட்டுவதற்குக் கிடைக்கும் பலன் பாராட்டு இல்லை, இன்னொருவரும் பார்ப்பதுதானே.

கலிபோர்னியாவில் கோனி கசாரி என்ற ஆட்டிசம் ஆய்வாளரின் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்திருந்தேன். 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு நாளுக்கு 30 நிமிடம், 5 முதல் 6 வாரம் விளையாட்டோடு கூட்டுக் கவனம் பழக்கியதில், பொருளை எடுத்துக் காட்டுவது கூடியிருந்தது. அதனால் நானும் ஆறு வாரத்தை எண்ணிக்கொண்டே இருந்தேன். ஆறாவது வாரம் ஒன்றும் நடக்கவில்லை, அன்று இரவு அழுதேன். அது பயிற்சி பெற்றவர்கள் தினமும் செய்தது, அவன் வேகம் வேறு, நிறுத்தாதீர்கள் என்றார் தெரபிஸ்ட்.

ஏழாவது மாதம். குளிக்கவைத்துக்கொண்டிருந்தேன், வாளித் தண்ணீரில் பட்ட வெயில் கூரையில் ஆடிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கினான், சுட்டு விரல்கூட இல்லை, ஐந்து விரலும் விரிந்திருந்தன. கூரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் கூரையைப் பார்த்தான். "ஆமாண்டா, வெளிச்சம் ஆடுது" என்றேன். வாளித் தண்ணீரை ஒரு தட்டு தட்டி, அது இன்னும் வேகமாக ஆடுவதை நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்தான்.