குளவிக்குப் பின்னான நாட்கள்

சின்ன வயதிலிருந்தே குளவி என்னைக் கொட்டியிருக்கிறது. வலிக்கும், வீங்கும், பிறகு வடிந்துவிடும். போன வருடம் கழுத்தில் கொட்டியது அப்படி இல்லை. சில நிமிடங்களில் உள்ளங்கைகள் அரித்தன, உதடு தடித்தது, குரல் கம்மியது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் போட்ட பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. இது அனாஃபிலாக்சிஸ், அதாவது உடம்பு முழுவதையும் தாக்கும் கடும் அலர்ஜி என்றார்கள். சரியானவர்களுக்குக்கூட சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம் என்பதால் உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை.

இத்தனை வருடம் ஒன்றும் செய்யாதது இப்போது ஏன் என்ற கேள்விதான் என்னை ரொம்ப நாள் அரித்தது. அதற்கு விடை நூறு வருடத்துக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. 1902-ல் பிரான்ஸில் ஷார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற விஞ்ஞானிகள் நாய்களுக்குக் கடல் அனிமோன் என்ற கடல் உயிரியின் நஞ்சைச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்து அதைவிடக் குறைந்த அளவிலேயே இறந்துபோனது. இந்த ஆய்வுக்காக ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. என் உடம்பிலும் அதுதான் நடந்திருக்கிறது. முந்தைய கொட்டுகளின்போதே அந்த விஷத்துக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உருவாகி, அடுத்த கொட்டில் அலர்ஜியைக் கிளப்பக் காத்திருந்திருக்கிறது. இதைப் படித்த இரவில்தான் நிம்மதியாகத் தூங்கினேன். காரணம் புரிந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் பயம் போகவில்லை. தொண்டையில் லேசாக ஏதாவது அடைப்பதுபோல் இருந்தால் கண்ணாடி முன்னால் போய் உதட்டைப் பார்ப்பேன். கை அரித்தால் நெஞ்சு படபடக்கும், படபடத்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் ஆரம்பித்துவிட்டது என்றே தோன்றும். அலர்ஜி மருத்துவரிடம் சொன்னபோது அவர் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. "முதலில் கொட்டியதா இல்லையா என்று பாருங்கள். கொட்டியிருந்து, மூச்சோ குரலோ மாறினாலோ, தலை சுற்றினாலோ யோசிக்காமல் அட்ரினலின் ஊசியைப் போடுங்கள். சந்தேகமாக இருந்தாலும் போடுங்கள்" என்று சொல்லி, அதையே ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அந்தத் தாள் வந்த பிறகு கண்ணாடியைத் தேடுவது மெல்லக் குறைந்தது.

இப்போது நான் எங்கே போனாலும் நாமே போட்டுக்கொள்ளக்கூடிய இரண்டு அட்ரினலின் பேனா ஊசிகள் கூடவே வரும். ஒன்றுக்குக் கேட்காவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து அடுத்ததைப் போட வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்கக் கூடாது, ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது. "அலர்ஜி மாத்திரை போட்டால் போதாதா?" என்று அத்தை கேட்டார். அரிப்புக்கும் தடிப்புக்கும் மாத்திரை உதவும். இறங்கும் பிரஷரையும் அடைக்கும் மூச்சுக்குழாயையும் அது காப்பாற்றாது என்று சொன்னேன். அப்புறம் அவரே பயிற்சிப் பேனாவை வாங்கி, தொடையின் வெளிப்பக்கத்தில், புடவைக்கு மேலேயே அழுத்திப் பழகினார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் எல்லோருக்கும் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஊசியைப் பற்றிக்கூட இல்லை. என்னை நிற்க வைக்காதீர்கள், நடக்க வைக்காதீர்கள் என்பதைத்தான். மயங்கி வருபவரைக் கைத்தாங்கலாக எழுப்பி வண்டிக்கு நடத்திப் போகத்தான் யாருக்கும் தோன்றும். அது அன்பினால்தான். ஆனால் அந்த நேரத்தில் ரத்தக்குழாய்கள் விரிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்துகொண்டிருக்கும். சட்டென்று எழுந்து நின்றால் இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் திரும்பாது, உயிரே போகலாம். படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு திணறினால் காலை நீட்டி உட்காரலாம். வாந்தி வந்தாலோ நினைவு தப்பினாலோ ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கொஞ்சம் தெளிந்ததுபோல் இருந்தாலும் எழுப்பக் கூடாது. என் கணவர் இதை அலுவலகத்தில் தன் நண்பர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

இப்போது விஷ இம்யூனோதெரபி, அதாவது விஷத்தை உடம்புக்குப் பழக்கும் சிகிச்சை எடுத்துக்கொள்கிறேன். கொட்டிய உடனே அலர்ஜியைப் பரிசோதித்தால் சில சமயம் முடிவு தவறாக வரலாம் என்பதால் சில வாரம் காக்க வைத்துத்தான் சோதித்தார்கள். குளவி விஷத்தையே மிக மிகக் கொஞ்சமாக ஆரம்பித்து, படிப்படியாகக் கூட்டி ஊசியாகப் போடுகிறார்கள். முதல் நாள் அந்த ஊசியைப் பார்த்ததும் கை நடுங்கியது. செவிலியர் அவசரப்படுத்தாமல், நான் தலையாட்டும்வரை காத்திருந்தார். ஒவ்வொரு முறையும் ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். முழுச் சிகிச்சை மூன்று முதல் ஐந்து வருடம் போகும். பேனாக்களை அதுவரையிலாவது கைவிட முடியாது. அவற்றின் காலாவதித் தேதியை மகள் தன் கைபேசியில் குறித்து வைத்திருக்கிறாள், அடுத்த மாதம் புதிது வாங்க வேண்டுமாம்.