தண்டவாளம் போன பாதை

"நீங்கள் முன்னர் சைக்கிள் ஓடியிருக்கிறீர்களா, மிஸ்யூ?" என்று வாடகைச் சைக்கிள் கடைப் பெடியன் கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு, நான் விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் சீற்றைப் பிடித்தபடியே நின்றான். பின்னால் என் மகள் சப்பாத்துக் கயிறு கட்டும் சாட்டில் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

யாழ்ப்பாணத்தானைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஐயாவின் ரலிச் சைக்கிளில் பாருக்குக் கீழால் காலை விட்டு ஓடிப் பழகி, சீற்றுக்குக் கால் எட்டியதும் கரியரில் தங்கச்சியையும் ஹாண்டிலில் மரக்கறிப் பையையும் ஏற்றி, மழை வந்தால் ஒரு கையில் குடையும் பிடித்துக்கொண்டு சுன்னாகம் சந்தையில் இருந்து கொக்குவில் வரை வந்தவன் நான். இதையெல்லாம் பிரெஞ்சில் சொல்ல வெளிக்கிட்டால் கடை பூட்டுகிற நேரம் வந்துவிடும். "கொஞ்சம் ஓடியிருக்கிறேன்" என்றேன்.

திட்டம் முழுக்க மகளுடையது. லிசேயில், அதாவது இங்கத்தைய உயர்தரப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். விடுமுறைக்குக் காரில் போகக்கூடாது, சைக்கிளில்தான் போகவேண்டும் என்று பிடிவாதம். உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவிச் சேர்த்த காசில் வாங்கிய காரை, பாரிஸுக்குப் பக்கத்து லாக்கூர்நெவ் வீட்டு வாசலில் சும்மா நிறுத்திவிட்டு, காசு கொடுத்துச் சைக்கிள் வாடகைக்கு எடுப்பதை எங்கள் ஆட்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? லண்டனில் இருக்கிற மச்சான், "கார் என்ன பழுதோ?" என்று கேட்டான். ஊரில் இருந்து அம்மா இன்னும் ஒரு படி மேலே போனா. "ஏன் மோனை, அங்கையும் பெற்றோலைத் தடை செய்து போட்டாங்களோ?"

அம்மா பகிடிக்குக் கேட்கவில்லை.

பாரிஸ் சன் லசார் நிலையத்தில் ரயில் ஏறி, ஜிஸோரில் மாறி, செர்கேயில் இறங்கினோம். அங்கிருந்து நோர்மண்டியின் தியெப் கடற்கரை வரை போவது அவெனியூ வேர்ட் என்கிற பாதை. லண்டனையும் பாரிஸையும் சைக்கிளால் இணைக்க 2012இல், லண்டன் ஒலிம்பிக் நடந்த வருடத்தில், திறந்துவைத்தார்கள். முழு வழியும் வாகனம் இல்லாதது என்று சொல்லமுடியாது, பல இடங்களில் நாட்டுப்புறத் தெருக்களோடு சேர்ந்துதான் ஓடும். ஆனால் ஃபோர்ஜ் லேஸோவில் இருந்து ஆர்க் லா பத்தாய் பக்கம் வரை 40 கிலோமீற்றர் அளவுக்கு ஒரு கார்கூடக் கிடையாது. மோட்டார் பூட்டிய வாகனம் ஏறக்கூடாத இப்படியான பாதைகளை 2004இல் தெருச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். தெருவை வெட்டும் இடங்களில் மரத்தடுப்புப் போட்டு, சைக்கிள்காரனுக்கும் ஒரு நிறுத்தற் பலகை நட்டிருக்கிறார்கள்.

பாதை அவ்வளவு நேராகவும் மட்டமாகவும் இருப்பதற்குக் காரணம், அது பாரிஸில் இருந்து தியெப் துறைமுகத்துக்குப் போன பழைய ரயில் பாதை. ரயிலுக்கு ஏற்றம் பிடிக்காது. பெத்தூன் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி மெல்ல மெல்ல இறங்கி, கடலுக்குக் கொண்டுபோய் விடும். 1988இல் இந்தத் துண்டில் ரயிலை நிறுத்தினார்கள். பிறகு தண்டவாளத்தைக் கழற்றித் தார் போட்டார்கள். நிலையங்கள் வீடுகளாகிவிட்டன. சில சுவர்களில் ஊர்ப்பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது, கீழே பூச்சட்டி.

மகள் இதை வாசித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு அதற்குப் பிறகு பெத்தூன் ஆறு கண்ணில் படவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் இப்படி ஒரு பாதை இருந்தது. யாழ்ப்பாணத்துக்கு வந்த கடைசி ரயில் 1990 ஜூனோடு நின்றது. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் பதுங்குகுழிகளுக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது சல்லிக்கல் மேடு. கொஞ்ச நாளில் மாடு நடந்து, சனம் நடந்து, நடுவில் ஒரு முழ அகலத்துக்கு மண் இறுகிச் சைக்கிள் பாதையானது. கொக்குவிலில் இருந்து கோண்டாவில் ரியூஷனுக்கு அதுதான் எனக்குக் குறுக்கு வழி. ஒரு பக்கம் நாயுருவி, மற்றப் பக்கம் எருக்கலை. பாதையை விட்டுச் சில்லு இறங்கினால் சல்லியில் சறுக்கி முழங்கால் போகும். பழைய நிலையத்தில் போரால் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் அடுப்பு மூட்டியிருந்தன. ரிக்கற் கொடுக்கிற யன்னலில் குழந்தைச் சட்டைகள் காயும்.

2014 ஒக்டோபரில் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தபோது தங்கச்சி வீடியோ அனுப்பினாள். சனம் ஆரவாரித்தது, எனக்கும் கண் கலங்கியது. ஆனால் மனதுக்குள் ஒரு சின்னக் கோபம்: என்ரை பாதை போச்சே. ஊருக்கு ரயில் வந்ததற்கு மூக்கால் அழுத ஒரே யாழ்ப்பாணத்தான் நானாகத்தான் இருப்பேன்.

சரி, நோர்மண்டிக்கு வருவோம். எல்லாம் வடிவு. இரண்டு பக்கமும் வேலி மரங்கள் வளைந்து கூரை போட்டிருக்கும், அதற்கு அங்கால் புல்வெளி, அதில் வெள்ளையும் மண்ணிறமுமாக மாடுகள். தூரத்தில் மேற்குப் பக்கம் எயாவிக் காடு. குறை சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஆனால் அது கிலோமீற்றருக்குக் கிலோமீற்றர் வளர்ந்தது. ஒரு தேத்தண்ணிக் கடை இல்லை.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடாதவர்கள். சந்திக்குச் சந்தி ஒரு கடை, வாசலில் வாழைக்குலை, கண்ணாடிப் பெட்டியில் வாய்ப்பனும் போண்டாவும், பக்கத்தில் ஒட்டுப் போடுகிற அண்ணையின் தண்ணிச் சட்டி. ரியூப்பை அதில் அமுக்கி அவர் குமிழி பார்க்கிற நேரத்தில் ஒரு பிளேன்ரீ குடித்து, ஊர்ப் புதினம் முழுவதும் அறிந்துவிடலாம். இங்கே பாதை ஊர்களுக்குப் பக்கத்தால் போகிறது. இறங்கி உள்ளே போனால் வெதுப்பகம் மத்தியானப் பூட்டு. அடுத்த ஊரில் அன்றைக்கு விடுமுறை. மூன்றாவது ஊரில் திறந்திருந்த ஒரேயொரு கபேயில் தேத்தண்ணி கேட்டோம். கோப்பையில் சுடுதண்ணியும், பக்கத்தில் கடதாசி உறைக்குள் தேயிலையும் தந்தார்கள். பால் கேட்டதற்கு அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை! இத்தனை மாட்டைத் தாண்டி வந்திருக்கிறேன், ஒரு சொட்டுப் பால் கேட்டது குற்றமா?

நல்லவேளை, மனைவிக்கு இந்த நாட்டைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரியும். பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற லாசப்பலில் வாங்கிய ரோல்ஸும் பற்றிஸும் அவளுடைய பையில் இருந்தன. மெனியெர் கோட்டை தெரிகிற இடத்தில் ஒரு மரமேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நெஃப்ஷாத்தலில் இதய வடிவத்தில் செய்கிற சீஸ் பெயர்போனது. நூறாண்டுப் போரின்போது இந்த ஊர்ப் பெண்கள் ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை. மனைவி ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "இந்த உப்பைத் தின்றுதான் அவங்கள் ஊருக்குத் திரும்பிப் போனவங்கள் போல" என்றாள்.

அவள் உடுவில்காரி. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டியுமாக லேடீஸ் சைக்கிளில் போனவள். பாரிஸ் வந்த பிறகு தொட்டதே இல்லை, ஆனால் அன்றைக்கு ஏறியதும் எங்களை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டாள். எதிரே வந்த இறுக்கமான உடுப்புக் கிழவர்களுக்கெல்லாம் ஒருவர் விடாமல் போன்ஜூர் வேறு.

மகளுக்குப் பிடித்தது அமைதி. "கேளுங்கோ அப்பா, ஒரு சத்தமும் இல்லை" என்றாள். எனக்கு அந்த அமைதி முழுதாக ஒட்டவில்லை. தொண்ணூறுகளில் எங்கள் தெருக்களிலும் வாகனம் இல்லை. போர்க்காலத் தடையால் பெற்றோல் வராது. ஒருசில மொறிஸ் மைனர்கள் மட்டும் நாலு துளி பெற்றோலில் இழுத்து எழுப்பி, மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு போகும். மற்றதெல்லாம் சைக்கிள். கல்யாணம், ஆசுப்பத்திரி, விறகு, பிரேதப் பெட்டிகூட. பற்றரியும் தடைதான், அதனால் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவைக் கொழுவிச் செய்தி கேட்போம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்துப்போவார். வாகனம் இல்லையே தவிர, அந்தத் தெருக்களில் சனமும் மணிச் சத்தமும் ஓயாது. காரை விலக்கிவிட்டு இப்படி வெறுமையாகக் கிடக்கிற பாதை எனக்குப் புதிது. 1995 ஒக்டோபர் 30 இரவு போரில் வலிகாமமே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோதும் எல்லோரிடமும் சைக்கிள் இருந்தது. ஓட இடம் இல்லை. நாவற்குழிப் பாலம் வரை உருட்டிக்கொண்டே போனோம். அதை மகளிடம் அந்த இடத்தில் சொல்லவில்லை. அவளுடைய விடுமுறை.

ஆர்க் காட்டின் பீச் மரங்களைக் கடந்து, கல் அகழ்ந்த பள்ளங்கள் குளங்களாகிவிட்ட இடத்தால் தியெப் போய்ச் சேர்ந்தோம். அடுத்த நாள் மேற்கே வராஞ்வீல் வரை ஓடினோம். அங்கே ரயில்காரர் மட்டம் பார்த்து வைத்த வழி இல்லை, ஏற்றம் என்றால் ஏற்றம். எங்கள் ஊரில் மேடு என்றால் ரயில் கடவையும் பாலமும்தான். கியர் என்பதை நான் விலைக் கழிவு கேட்பதற்கான ஒரு சாட்டாகத்தான் அதுவரை அறிந்திருந்தேன். மகள் ஒவ்வொன்றாகச் சொல்லித்தர, மூச்சு வாங்கி மேலே போனால் ஒரு பழைய தேவாலயம். கடல் மலையை அரித்து அரித்துக் கல்லறைகளை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. ஓவியர் ஜோர்ஜ் பிராக்கின் கல்லறையும் அங்கேதான். கீழே வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், அதன் காலடியில் பால் கரைத்த நிறத்தில் கடல்.

சுண்ணாம்புக் கல்லைப் பார்த்ததும் கீரிமலைதான். எங்கள் பாதையும் இப்படித்தான் சுண்ணாம்புக் கரையில், காங்கேசன்துறைத் துறைமுகத்தில் போய் முடிகிறது. நான் பெடியனாக இருந்த காலம் முழுக்க அது உயர் பாதுகாப்பு வலயம், அதனால் ரயில் மேட்டில் எவ்வளவு மிதித்தாலும் கடல் வரை போகமுடியாது. தண்டவாளம் போன பாதையில் கடலைக் கண்டது தியெப்பில்தான்.

மலைவிளிம்பில் ஜேர்மன்காரர் கட்டிய பதுங்குகுழி ஒன்று இருந்தது. 1942 ஓகஸ்ட் 19 அன்று தியெப்பில் இறங்கிய கனடாப் படைகளில் 900 பேருக்கு மேல் உயிர் விட்டிருக்கிறார்கள். பதுங்குகுழியைக் கண்டால் நான் முதலில் கூரையைத்தான் பார்ப்பேன். இது முழுக்கக் கொங்கிறீற். தண்டவாளமோ சிலிப்பர் கட்டையோ பனங்குற்றியோ ஒன்றும் இல்லை. "என்னப்பா அப்படி உற்றுப் பார்க்கிறியள், வீடு வாங்கப் போறியளோ?" என்றாள் மனைவி.

அடுத்த கோடைக்கு மகளிடம் பெரிய திட்டம் இருக்கிறது. தியெப்பில் கப்பல் ஏறினால் நாலு மணித்தியாலத்தில் நியூஹேவன். அந்தப் பக்கமும் குக்கூ ட்ரெய்ல் என்று ஒரு பழைய ரயில் பாதை இருக்கிறதாம், லண்டன் வரை சைக்கிளிலேயே போகலாமாம். மச்சானிடம் சொன்னேன். "விசர்க் கதை கதையாதை, நான் வானோடை நியூஹேவனுக்கு வாறன், சைக்கிளைத் தூக்கி உள்ளை போடு" என்கிறான். மகள் ஒத்துக்கொள்ளமாட்டாள் என்றேன். அப்படியென்றால் வானைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வருவானாம், வான் அந்தப் பாதையில் ஏறக்கூடாது என்று சொல்லியும் விளங்குகிறமாதிரி இல்லை. மனைவி மட்டும் ஒரு கேள்வியோடு சம்மதித்துவிட்டாள்: "அங்கை வழியிலை பால் விட்ட தேத்தண்ணி கிடைக்குமெல்லே?"