அசையாமல் படுத்திருந்த அம்மா

மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் 11 வருடமாக எம்.ஆர்.ஐ. எடுக்கிறேன். வயதானவர்கள் கொண்டுவரும் சீட்டில் பெரும்பாலும் மறதி என்றுதான் எழுதியிருக்கும். டிமென்ஷியாவாலும், அதாவது மூளையின் திறன் படிப்படியாகக் குறையும் நோயாலும் மறதி வரும், மனச்சோர்வாலும் வரும். டிமென்ஷியா முற்றியவர்களுக்கு "அசையாதீங்க" என்று சொன்னது இரண்டு நிமிடத்தில் மறந்துவிடும். மெஷின் தடதடவென்று இடிக்கத் தொடங்கியதும் எழப் பார்ப்பார்கள், படம் கலங்கிவிடும்.

போன ஆடியில் வந்த அம்மாவுக்கு 68 வயது. "அடுப்புல பால வச்சிட்டு மறந்துடுறாங்க, கேட்டா பதிலே இல்ல" என்றார் மகன். உள்ளே போகுமுன் நகைகளைக் கழற்றச் சொல்வது வழக்கம். "தாலி இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டேன். "அவரு போயி எட்டு மாசமாச்சு தம்பி" என்றார். அதற்குப் பிறகு அரை மணி நேரமும் ஒரு விரல்கூட அசையவில்லை. படங்கள் அவ்வளவு தெளிவு. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

மூளையில் ஞாபகத்துக்கு முக்கியமான பகுதி ஹிப்போகேம்பஸ். அதன் நீளவாட்டுக்குச் செங்குத்தாகக் குறுக்குவெட்டுப் படங்களை எடுக்க வேண்டும். கோணம் பிசகினால் சுருங்காததும் சுருங்கியதுபோல் தெரியும். அந்தப் பொறுப்பு எங்களுடையது. பிறகு படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட், அந்தப் பகுதி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்; சுருக்கம் கூடக் கூட எண்ணும் கூடும். 1992-இல் ஸ்கெல்டன்ஸ் (Scheltens) குழுவினர் வகுத்த முறை அது.

அந்த அம்மாவுக்கு 1. அந்த வயதில் அது சாதாரணம். ஃப்ளேர் என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுதாவதன் அடையாளம் அவை. முதுமையில் வரும் மனச்சோர்வோடும் அவற்றுக்குத் தொடர்பு உண்டு. ஆனால் நீண்டகால மனச்சோர்விலும் ஹிப்போகேம்பஸ் சிறுக்கலாம், ஆரம்பகட்ட டிமென்ஷியாவில் ஸ்கேன் சரியாகவே தெரியலாம். படத்தை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. டாக்டர் அவரை மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

தை மாதம் தங்கையின் முழங்கால் ஸ்கேனுக்குத் துணையாக வந்தார். என்னை அடையாளம் கண்டு அவரே பேசினார்: "அன்னைக்கு உள்ள என்னா குளிரு தம்பி! கை கால் வெறச்சுப் போச்சு. ஒரு போர்வை குடுத்திருக்கலாம்ல?"

அன்று அவர் கையில் அவசரத்துக்கு அழுத்தும் ரப்பர் பந்து இருந்தது. அவர் அழுத்தவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் யார் படுத்தாலும் முதலில் போர்வையைப் போர்த்திவிட்டுத்தான் மேசையை உள்ளே தள்ளுகிறேன்.