அடைப்புக்குறியைப் போட்டுட்டு எண்ணைப் போடு

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இயற்கணிதக் கோவையைச் சுருக்கக்கூடத் தெரிந்துவிடுகிறது. மாறிக்குப் பதில் எண்ணைப் பிரதியிடும் இடத்தில்தான் மார்க் போகிறது. அதுவும் குறை எண் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

2அ² − 5அ + 1. இதில் அ = −3 என்றால் மதிப்பு என்ன? "−14, அக்கா" என்றாள் ஒருத்தி. நோட்டை வாங்கிப் பார்த்தேன். 2 − 3² − 5 − 3 + 1 என்று எழுதியிருந்தாள். எண்ணும் எழுத்தும் ஒட்டி நின்றால் நடுவில் பெருக்கல் உண்டு. எழுத்தை எடுத்ததும் அந்தப் பெருக்கல் காணாமல் போய்விட்டது. அதற்குமேல் அவள் போட்ட கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. அதே வரியை 2(−3)² − 5(−3) + 1 என்று எழுதச் சொன்னேன். (−3)² என்பது 9. இரண்டால் பெருக்க 18. −5(−3) என்பது +15. மொத்தம் 34. மிகை எண்ணாகவே இருந்தாலும் முதலில் அடைப்புக்குறி, அப்புறம்தான் எண். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

இந்த எழுத்தெல்லாம் எதற்கு என்று கேட்கிற பிள்ளைகளுக்குப் பாபநாசம் அணையைக் காட்டுவேன். முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி. இன்றைய நீர்மட்டம் ப என்றால், நிரம்ப இன்னும் 143 − ப அடி வேண்டும். ஐப்பசியில் பிசான நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவும் வீடுகளில் பேப்பரைப் பிரித்ததும் இந்த எண்ணைத்தான் தேடுவார்கள். ப = 98 என்றால் 45 அடி.

"ப-க்கு 150 போட்டா?" என்றான் ஒரு பையன். −7 வரும். கழித்தல் சரிதான், ஆனால் அப்படி ஒரு நீர்மட்டம் அணையில் நிற்காது. இங்கே ப 0-க்கும் 143-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது.

அடுத்து மணிமுத்தாறு, 118 அடி. அதற்கும் 118 − ப என்று எழுத வந்தான். ஒரே கணக்கில் ஒரே எழுத்து எங்கே வந்தாலும் ஒரே மதிப்புதான். அப்படியென்றால் இரண்டு அணையிலும் ஒரே மட்டம் என்றாகிவிடும். "அப்போ வேற எழுத்து வேணும்லாக்கா" என்றவன், ம என்று மாற்றிக்கொண்டான். மணிமுத்தாற்றைவிடப் பாபநாசம் நிரம்ப எத்தனை அடி கூட வேண்டும் என்பது (143 − ப) − (118 − ம). ப = 98, ம = 80 என்று போட்டால் 45 − 38, அதாவது 7 அடி. அடைப்புக்குறியை விட்டுவிட்டு 143 − 98 − 118 − 80 என்று எழுதினால் −153. இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டேன்.