மாஸ்டர், ஒரு காபி

டோக்கியோ வந்த முதல் இரண்டு மாதம் எனக்குத் தெரிந்த இடங்கள் மூன்றுதான். நிஷிகசாய் ஸ்டேஷன், அதை ஒட்டிய சூப்பர் மார்க்கெட், வார்டு ஆபீஸ். 2000-ஐ ஒட்டி கம்ப்யூட்டர் தேதிக் குளறுபடியைச் சரிசெய்ய வந்த இந்திய இன்ஜினியர்கள் குடியேறிய பகுதி இது. துவரம்பருப்பு கிடைக்கும், சாயங்காலம் பூங்காவுக்குப் போனால் தமிழும் கேட்கும். ஆனாலும் கணவர் காலையில் கிளம்பிப் போனபின் எனக்குப் போக ஓர் இடம் இல்லை. அடுப்படியில் நோட்டை வைத்துக்கொண்டு ஜப்பானிய எழுத்து வகைகளில் ஹிராகனா 46, கதகனா 46 என்று எழுதிப் பழகினேன். சீனத்திலிருந்து வந்த கஞ்சி எழுத்துகளைப் பார்த்தாலே பசி அடங்கிவிடும்.

ஒருநாள் தோசாய் லைனில் ஏறி குதான்ஷிதாவில் இறங்கி நடந்தேன். யாசுகுனி சாலையில் கொஞ்ச தூரம், அங்கிருந்து ஜிம்போச்சோ. நூற்றுக்கும் மேற்பட்ட பழைய புத்தகக் கடைகள். பெரும்பாலும் சாலையின் தெற்குப் பக்கம், வடக்கு பார்த்த வாசல். நேர்வெயில் பட்டால் புத்தகம் பழுத்துப்போகும் என்பதற்காக. நம்மூரில் வடக்கு வாசல் என்றால் குபேரன் வருவான் என்போம்!

நான் திருவல்லிக்கேணிக்காரி. ஞாயிற்றுக்கிழமை பைகிராஃப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் குந்தி உட்கார்ந்து அப்பா புத்தகம் பொறுக்க, நான் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பாதி விலைக்குக் கேட்டு, நகர்வது போல நாலடி நடந்து, திரும்பக் கூப்பிட்டதும் போவது அவர் வழக்கம். இங்கே வாசலில் நூறு யென் புத்தக வண்டி. ஒன்றைக் கையில் எடுத்து முகர்ந்தேன். அதே வாசனை. கண் கலங்கிவிடுமோ என்று பயந்து பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தேன்.

அங்கேதான் அந்தக் கடை. ஆறு மேசை, மங்கல் வெளிச்சம், சுவரெல்லாம் புத்தகம். இந்த மாதிரி பழைய காபிக் கடைக்கு கிஸ்ஸாதென் என்று பெயர். பெயரில் இருப்பது டீ, குடிப்பது காபி. உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரும் சுருட்டிய ஈரத்துண்டும் வந்தன. கல்லாவில் நின்ற முதியவரை பக்கத்து மேசைக்காரர் கூப்பிட்டார்: "மாஸ்டர்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தெருமுனை டீக்கடையிலும் அவர் மாஸ்டர்தானே. கிஸ்ஸாதென் நடத்துபவரை இங்கேயும் அப்படித்தான் அழைக்கிறார்கள். என் மாஸ்டர் ஆற்றுவதில்லை. கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் கொதித்து மேலே ஏறி, காபித்தூளோடு கலந்து, தீயை நகர்த்தியதும் துணி வழியே மளமளவென்று கீழே இறங்குகிறது. ஒரு கோப்பைக்கு இத்தனை பொறுமையா! வாயில் வைத்தால் கஷாயம். கூட வந்த பாலோ மருந்து மூடி அளவு. மூன்றாவது தடவை போனபோது கேட்காமலே ஒரு சின்ன ஜக் நிறைய சூடான பால் கொண்டுவந்து வைத்தார். அன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கிளம்பச் சொல்லும் பார்வை ஒன்றுகூட இல்லை.

நாலாவதோ ஐந்தாவதோ தடவை. எதிர் அலமாரியில் மெல்லிய எண்ணெய்த்தாள் போர்த்திய புத்தக முதுகுகளை, தெரிந்த எழுத்து வருகிறதா என்று மேலிருந்து கீழாக மேய்ந்துகொண்டிருந்தேன். கஞ்சிகளுக்கு நடுவே மூன்று கதகனா. த. மி. ரு.

இன்னொரு முறை கூட்டினேன். தமிருதான். தமிழ்தான்.

மாஸ்டரே எடுத்துக் கொடுத்தார். ககுஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ எழுதி 1981-இல் வெளியான புத்தகம்; தலைப்பு 'ஜப்பானிய மொழியும் தமிழ் மொழியும்'. சென்னையில் பொற்கோவும் யாழ்ப்பாணத்தில் சண்முகதாஸ், மனோன்மணி தம்பதியும் ஓனோவின் ஆய்வுக்குத் துணை நின்றவர்கள். இரு மொழிக்கும் உறவு உண்டு என்ற அவர் கருத்தைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. நானும் அதற்குக் கொடி பிடிக்கப் போவதில்லை. வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே போதுமான பேர் பிடிக்கிறார்கள். ஆனால் 'கோஹீ ஓ நோமிமாஸு' என்றால் 'காபியைக் குடிக்கிறேன்'. அந்த 'ஓ' நம்முடைய 'ஐ' உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, வினைச்சொல் கடைசியில் வருகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு எந்த உறவுமுறையும் வேண்டியிருக்கவில்லை.

"தமிரு," என்று என்னைத் தொட்டுக் காட்டினேன். அவர் "ஹோ..." என்று நீட்டி, புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு தாளை நீட்டி எழுதிக் காட்டச் சொன்னார். 'தமிழ்' என்று எழுதினேன். 'ழ்' மேல் விரல் வைத்து, எப்படிச் சொல்வது என்று கேட்டார். நான் சொல்ல, அவர் சொல்ல, பக்கத்து மேசைக்காரரும் சொல்ல, மூவருக்கும் மூன்று எழுத்து வந்தது. அது ஒன்றும் அவமானமில்லை, எங்கள் தெருவிலேயே பாதிப்பேர் 'தமில்'தான்.

பின்பக்க உள்ளட்டையில் பென்சிலில் விலை: 800 யென். கொடுத்துவிட்டு வாங்கி வந்தேன். முதல் பக்கத்துக்கே அகராதியோடு நாலு நாள் ஆயிற்று.

அப்பாவை போனில் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அவர் சொன்ன விலைய அப்படியே குடுத்துட்டியாம்மா?"

"ஆமாப்பா."

"நாலடி நடந்து பாத்திருக்கலாமில்ல?"